எடிட் லாக் நான்கு மாதம் இயங்கவில்லை: தணிக்கை அறிக்கைக்கு முன் நாங்கள் செய்யக்கூடியது என்ன?

திருப்பூர்க் கணக்கர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் பின்னலாடை தைத்து உள்நாட்டுச் சந்தைக்கு விற்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவைக் கவனித்து வருகிறேன். ஆண்டு விற்பனை ஏறத்தாழ 18 கோடி ரூபாய். 2024-25 நிதியாண்டின் தணிக்கை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. அதில் எழுந்துள்ள ஒரு சிக்கலுக்கு இங்குள்ள பட்டயக் கணக்காளர்களும் கணினித் துறையினரும் வழி சொல்ல வேண்டும்.

கணக்குப் புத்தகங்களை மென்பொருளில் வைத்திருக்கும் ஒவ்வொரு கம்பெனியும், செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்து வைக்கிற, நிறுத்தி வைக்க முடியாத திருத்தப் பதிவு கொண்ட மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நாங்கள் அந்த ஆண்டே டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளில் எடிட் லாக் என்ற திருத்தப் பதிவு வசதியை இயக்கிவிட்டோம். 2023-24 முழுவதும் அது தடையின்றி ஓடியது. 2024 ஏப்ரலில் புதிய கணினி வாங்கியபோது, பழைய தரவு பெருத்துவிட்டது என்பதால் புதிய ஆண்டுக்குத் தனியாக ஒரு நிறுவனக் கோப்பைத் தொடங்கி, தொடக்க இருப்புகளை மட்டும் அதில் கொண்டுவந்தோம். அப்படித் தொடங்கிய கோப்பில் எடிட் லாக்கை இயக்க வேண்டும் என்பதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். ஆகஸ்ட் 5-ஆம் தேதி ஒரு வவுச்சரைத் திருத்தியது யார் என்று தேடிப் பார்த்தபோதுதான் அது இயங்கவில்லை என்பது தெரிந்தது, அன்றே இயக்கிவிட்டேன். ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 4 வரை திருத்தப் பதிவு எதுவும் இல்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. எங்களிடம் டெய்லர், செக்கிங், அயர்னிங் என எல்லாரும் பீஸ் ரேட்டில் வேலை செய்கிறார்கள், சனிக்கிழமைதோறும் சம்பளம். அதற்கென உள்ளூர்ப் புரோகிராமர் ஒருவர் எழுதிக் கொடுத்த கூலி மென்பொருள் இருக்கிறது. வாரக் கூலியின் மொத்தத் தொகை மட்டும் ஒரே ஜர்னல் பதிவாக டேலிக்கு வரும். யாருடைய பீஸ் எண்ணிக்கையிலாவது தவறு இருந்தால், புரோகிராமர் தன் வீட்டிலிருந்தே எங்கள் கணினியோடு இணைந்து, தரவுத்தளத்தில் நேரடியாகத் திருத்திவிடுவார். அந்த மென்பொருளுக்கும் திருத்தப் பதிவு வேண்டும் என்று எங்கள் தணிக்கையாளர் சொல்கிறார். அது கணக்கு மென்பொருளே அல்ல என்று எங்கள் முதலாளி சொல்கிறார்.

அலுவலகத்தில் ஒருவர் ஒரு யோசனை சொன்னார்: புதிதாக ஒரு நிறுவனக் கோப்பைத் தொடங்கி, எடிட் லாக்கை இயக்கி, கணினியின் தேதியை 2024 ஏப்ரலுக்குப் பின்னே தள்ளி, நான்கு மாத வவுச்சர்களையும் திரும்பப் பதிந்துவிட்டால் ஆண்டு முழுவதும் பதிவு இருப்பதாகிவிடும் என்பது அவர் எண்ணம். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஆனால் வங்கியில் கேஷ் கிரெடிட் வரம்பைப் புதுப்பிக்கும் நேரம் இது. தணிக்கை அறிக்கையில் குறை எழுதப்பட்டால் வங்கி என்ன சொல்லும் என்று முதலாளி கவலைப்படுவதால், அந்த யோசனை இன்னும் மேசையில்தான் இருக்கிறது. என்ன செய்வது சரி?

பேரேடு (பட்டயக் கணக்காளர், கோவை) எழுதியது:

வணக்கம். முதலில் அந்தத் தேதி மாற்றும் யோசனையை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் மற்ற எல்லாம் திருத்திக்கொள்ளக் கூடியவை, இது ஒன்று மட்டும் அப்படி அல்ல. இன்று உங்களிடம் இருப்பது நான்கு மாத இடைவெளி. அந்த யோசனையைச் செய்தால், பொய்யாக உருவாக்கப்பட்ட ஒரு பதிவு உங்களிடம் இருக்கும். முன்னது ஒரு கவனக்குறைவு. கம்பெனிகள் சட்டத்தின் பிரிவு 128(6)-இன்படி பொறுப்பில் உள்ள இயக்குநருக்கோ நிதிப் பொறுப்பாளருக்கோ 50,000 ரூபாய் முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் உண்டு என்றாலும், அது விளக்கம் சொல்லி எதிர்கொள்ளக்கூடிய நிலை. பின்னது, தெரிந்தே பொய்யான ஆவணத்தை முன்வைப்பது. அது பிரிவு 448 வழியாக மோசடி பற்றிய பிரிவு 447-க்குள் இழுத்துச் செல்லும். அதோடு, ஏப்ரல் மாதத்தின் எல்லா வவுச்சர்களும் ஒருமுறைகூடத் திருத்தப்படாமல், வரிசை பிசகாமல் பதியப்பட்டிருந்தால், அனுபவமுள்ள எந்தத் தணிக்கையாளருக்கும் முதல் பார்வையிலேயே ஐயம் எழும். உண்மையாக நடக்கும் அலுவலகத்தில் திருத்தம் இல்லாத மாதம் கிடையாது.

இனி விதிக்கு வருகிறேன். கம்பெனிகள் (கணக்குகள்) விதிகள், 2014-இன் விதி 3(1)-இல் இந்த நிபந்தனை 2021 மார்ச்சில் சேர்க்கப்பட்டது. அமலாகும் நாள் இருமுறை தள்ளிப்போய் 2023 ஏப்ரல் 1 ஆனது. அது நிர்வாகத்தின் கடமை. அதைப் பற்றித் தணிக்கையாளர் அறிக்கை தர வேண்டும் என்று சொல்வது தணிக்கை விதிகளின் விதி 11(ஜி). அவர் விடை சொல்ல வேண்டியவை நான்கு: அத்தகைய வசதியுள்ள மென்பொருளைக் கம்பெனி பயன்படுத்தியதா, அது ஆண்டு முழுவதும் எல்லா நடவடிக்கைகளுக்கும் இயங்கியதா, அதில் யாரும் கைவைக்கவில்லையா, சட்டம் சொல்லும் காலத்துக்கு அது பாதுகாக்கப்பட்டிருக்கிறதா. உங்கள் நிலையில் இரண்டாவது வினாவுக்கு 'இல்லை' என்பதைத் தவிர வேறு விடை எழுத அவருக்கு வழியே இல்லை; அவரிடம் கெஞ்சியும் பயனில்லை. நிர்வாகம் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழிக் கடிதத்தை மட்டும் நம்பி அவர் 'ஆம்' என்று எழுதவும் முடியாது.

நான்காவது வினாவைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். 2023-24 முதல் ஆண்டு என்பதால், பாதுகாப்பைப் பற்றி அந்த ஆண்டு அறிக்கை தர வேண்டியதில்லை என்று பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் வழிகாட்டிக் கையேடு விலக்கியிருந்தது. 2024-25 முதல் அந்த வினாவும் சேர்ந்துவிட்டது. அதாவது, கடந்த ஆண்டின் எடிட் லாக் உங்களிடம் இன்றும் இருக்கிறதா என்று இந்த ஆண்டு கேட்பார்கள். பிரிவு 128(5) சொல்லும் காலம் எட்டு நிதியாண்டுகள். நீங்கள் புதிய கோப்பைத் தொடங்கிவிட்டதாகச் சொல்கிறீர்கள். 2023-24-இன் பதிவு பழைய கணினியில் உள்ள பழைய கோப்பில்தான் இருக்கும். அந்தக் கணினி எங்கே? அதை யாரும் அழித்துச் சுத்தம் செய்யாதபடி இன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பயன்படுத்துவது டேலி பிரைமின் எந்த வகை என்பதையும் கவனியுங்கள். சாதாரண வகையில் எடிட் லாக்கை வேண்டும்போது இயக்கலாம், வேண்டாதபோது நிறுத்தலாம். டேலி பிரைம் எடிட் லாக் என்று தனியாக இருக்கும் வகையில் அதை நிறுத்தவே முடியாது. விதி கேட்பது நிறுத்த முடியாத பதிவை. உங்களுக்கு நேர்ந்த மறதியே, நீங்கள் இருப்பது முதல் வகையில் என்பதைக் காட்டுகிறது. நடப்பு ஆண்டுக்கு உடனே மாறிக்கொள்ளுங்கள், மாறிய தேதியை எழுதி வையுங்கள்.

கூலி மென்பொருள் விஷயத்தில் உங்கள் தணிக்கையாளர் சொல்வதே சரி. மென்பொருளின் பெயரில் 'கணக்கு' என்ற சொல் இருக்கிறதா என்பது இங்கே கேள்வி அல்ல. சட்டத்தின் பிரிவு 2(13), பெற்ற தொகை, செலவிட்ட தொகை, விற்பனை, கொள்முதல், சொத்து, கடன் ஆகியவற்றின் பதிவுகளைக் கணக்குப் புத்தகம் என்கிறது. விற்பனை விலைப்பட்டியல்கள் ஒரு தனி மென்பொருளில் இருந்து, மாத மொத்தம் மட்டும் கணக்கு மென்பொருளுக்கு வருமானால், அந்தத் தனி மென்பொருளுக்கும் திருத்தப் பதிவு வேண்டும் என்று வழிகாட்டிக் கையேடு எடுத்துக்காட்டோடு சொல்கிறது. உங்கள் கூலி மென்பொருள் அப்படியே அதன் மறுபக்கம்: டேலியில் ஒரு வரி, அந்த ஒரு வரிக்குப் பின்னால் உள்ள நூற்றுக்கணக்கான கூலிக் கணக்குகள் வேறொரு இடத்தில்.

வங்கியைப் பற்றிய கவலைக்கு: விதி 11(ஜி) பற்றிய குறிப்பு, பிற சட்டத் தேவைகள் என்ற பகுதியில் வரும். கணக்குகள் உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகின்றன என்ற கருத்துரை அதனால் மட்டுமே மாறிவிடாது. ஆனாலும் புத்தகங்கள் முறையாக வைக்கப்பட்டுள்ளன என்ற பத்தியிலும் அதைச் சுட்டி எழுத வேண்டிவரும் என்பதை மறைக்காமல் முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். 2023-24-இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்கள் பலவற்றின் அறிக்கைகளிலேயே, தரவுத்தள அளவில் பதிவு இயங்கவில்லை என்பது போன்ற குறிப்புகள் வந்தன. வங்கி அதிகாரிகளுக்கு இது புதிதல்ல. பிரிவு 134(3)-இன்படி, தணிக்கையாளரின் குறைக் குறிப்பு ஒவ்வொன்றுக்கும் இயக்குநர் குழு தன் அறிக்கையில் விளக்கம் தர வேண்டும். அந்த விளக்கத்தை நன்றாக எழுதுங்கள்: எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, எதனால், யார் கண்டுபிடித்தார், என்ன மாற்றினோம் என்று. வங்கிக்கும் அதன் நகலையே கொடுக்கலாம்.

இடைவெளி நான்கு மாதத்துக்கு மாற்றுச் சான்றுகளைத் திரட்டுவது உங்கள் கையில் இருக்கிறது. 18 கோடி விற்பனை என்றால் உங்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். அதன் எண் அரசின் இணையவாசலில் உருவாவதால், விற்பனைப் பக்கத்தை உங்கள் கணினிக்கு வெளியே உள்ள ஒரு பதிவோடு ஒப்பிட முடியும். கொள்முதலுக்கு ஜிஎஸ்டிஆர்-2பி (உங்களுக்கு விற்றவர்கள் தாக்கல் செய்ததிலிருந்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல்), வங்கிப் பக்கத்துக்கு வங்கி அறிக்கை. இந்த மூன்றும் பொருந்தினால் எஞ்சி நிற்பவை ரொக்கச் செலவு, ஜர்னல் பதிவுகள், கூலி. தணிக்கையாளர் அந்த மூன்றில்தான் ஆழமாகத் தோண்டுவார்; அதற்கு ஆயத்தமாக இருங்கள்.

ஏப்ரல் முதல் ஜூலை வரை நீங்கள் எடுத்து வைத்த பேக்கப் நகல்கள் இருந்தால், அவற்றைவிடச் சிறந்த சான்று வேறில்லை. ஒரு வாரத்து நகலையும் அடுத்த வாரத்து நகலையும் ஒப்பிட்டால், இடையில் எந்த வவுச்சர் மாறியது, எது நீங்கியது என்பது தெரியும். அது எடிட் லாக் ஆகாது. யார் மாற்றினார் என்று சொல்லாது. ஆனால் மறைக்க எதுவும் இல்லை என்பதற்கு அது பேசும்.

தரவுக் காவலர் (தரவுத்தள நிர்வாகி, சென்னை) எழுதியது:

கூலி மென்பொருளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு மிகுந்த கவலை தந்த வரி, புரோகிராமர் வீட்டிலிருந்தே தரவுத்தளத்தில் நேரடியாகத் திருத்துவார் என்பதுதான். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அவர் திரை வழியாகச் செய்யாமல் அட்டவணையிலேயே கைவைக்கும்போது, மென்பொருளுக்குள் எவ்வளவு அழகாகத் திருத்தப் பதிவை எழுதி வைத்திருந்தாலும் அது எதையும் காணாது. வாசலில் வருகைப் பதிவேடு வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து போட்டது போன்ற நிலை இது.

எனவே முதல் வேலை, திருத்தம் செய்யத் திரை ஒன்றை மென்பொருளுக்குள்ளேயே அமைக்கச் சொல்வது. பீஸ் எண்ணிக்கை தவறினால், பழைய எண்ணை அழிக்காமல், கூட்டியோ குறைத்தோ ஒரு சரிக்கட்டும் பதிவாக அதைப் போட வேண்டும். காரணமும், கேட்ட மேற்பார்வையாளரின் பெயரும் கட்டாயப் புலங்களாக இருக்க வேண்டும். சனிக்கிழமை மாலை சம்பளம் கொடுக்கும் அவசரத்தில் இது இடைஞ்சலாகத் தோன்றும். ஆனால் ஒரு தொழிலாளி தன் கூலி குறைந்தது ஏன் என்று கேட்டால், காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கும். இதுவரை அவருக்கு அப்படிக் காட்ட உங்களிடம் எதுவும் இருந்திருக்காது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது, தரவுத்தள அளவிலான பதிவு. உங்கள் மென்பொருள் எதன்மேல் ஓடுகிறது என்று நீங்கள் சொல்லவில்லை. மை எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளாக இருந்தால், இலவச வகையில் தணிக்கைப் பதிவுக்கான செருகுநிரல் இல்லை; கட்டண வகையில்தான் உண்டு. அதைப் போன்ற மரியாடிபியில் அது இலவசமாகவே கிடைக்கிறது. மாற முடியாவிட்டால், கூலி, பீஸ் எண்ணிக்கை, வீதம் ஆகிய மூன்று அட்டவணைகளுக்கும் டிரிகர் (மாற்றம் நடந்தவுடன் தானாக இயங்கும் கட்டளை) எழுதி, பழைய மதிப்பு, புதிய மதிப்பு, பயனர், நேரம் ஆகியவற்றை இன்னொரு அட்டவணையில் சேர்க்கச் சொல்லலாம். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் பயனில்லை. தலைமை அனுமதி உள்ளவர் டிரிகரையே நீக்கிவிட்டு, வேலையை முடித்து, மீண்டும் போட்டுவிட முடியும். அந்தப் பதிவு ஒவ்வொரு நாளும் புரோகிராமருக்கு அனுமதியே இல்லாத வேறொரு இடத்துக்கு நகலாகச் செல்ல வேண்டும். தலைமைக் கடவுச்சொல் புரோகிராமரிடம் இல்லாமல், உறையிலிட்டு இயக்குநரிடம் இருக்க வேண்டும். பழுது பார்க்கத் தேவைப்படும் நாளில் கேட்டு வாங்கி, வேலை முடிந்ததும் மாற்றிவிட வேண்டும். 'அட்மின்' என்ற ஒரே பெயரில் நான்கு பேர் உள்ளே போகும் வழக்கம் உங்களிடம் இருந்தால், அதை இன்றே நிறுத்துங்கள். அந்த வழக்கம் இருக்கும் வரை, 'யார் மாற்றினார்' என்ற புலத்தில் எப்போதும் யாருமே இல்லை என்றுதான் பொருள்.

கடந்த காலத்தை மீட்க ஒரு சிறிய வாய்ப்பு உண்டு. மை எஸ்க்யூஎல் 8.0-இல் பைனரி லாக் என்ற மாற்றப் பதிவு இயல்பாகவே இயங்கும். யாரும் மாற்றியமைக்காவிட்டால் 30 நாள் கழித்து அது தானாக நீக்கப்படும். ஆகவே நான்கு மாதப் பழையது கிடைக்காது என்றாலும், கடந்த 30 நாளில் நேரடியாக எவ்வளவு திருத்தங்கள் நடந்துள்ளன என்பதை அதிலிருந்து எடுத்துப் பார்க்கலாம். வாரத்துக்கு எத்தனை முறை, யாருடைய கணக்கில், எவ்வளவு தொகை என்பது தெரிந்தாலே, ஆண்டு முழுவதற்குமான இடரின் அளவு பற்றித் தணிக்கையாளரிடம் தெளிவாகப் பேச முடியும். அந்த லாக்கை இன்றே வேறு இடத்தில் நகலெடுத்து வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு விட்டால் ஒரு நாள் குறையும்.

கணினியின் கடிகாரத்தைப் பற்றியும் ஒரு சொல். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் தேதியைப் பின்னே தள்ளலாம் என்று சொல்ல முடிந்ததே, கணக்குப் பிரிவில் எவர் வேண்டுமானாலும் தேதியை மாற்ற முடியும் என்பதைக் காட்டுகிறது. திருத்தப் பதிவில் உள்ள தேதி, கணினியின் தேதிதான். விண்டோஸில் அந்த அனுமதியைச் சாதாரணப் பயனர்களிடமிருந்து எடுத்துவிட்டு, நேரத்தைத் தேசியத் தகவலியல் மையம் (என்ஐசி) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர வழங்கியோடு இணைத்துவிடுங்கள். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவும் இதையே கேட்கிறது. கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்கவும் அது சொல்கிறது.

திருப்பூர்க் கணக்கர் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பென்டிரைவில் சனிக்கிழமைதோறும் எடுத்த நகல்களைத் தேடிப் பார்த்தேன். இடைவெளிக் காலத்தில் வந்த 18 சனிக்கிழமைகளில் 14 நகல்கள் கிடைத்துள்ளன. கூலி மென்பொருள் மை எஸ்க்யூஎல்லில்தான் ஓடுகிறது. 'அட்மின்' என்ற ஒரே பெயரில்தான் நாங்கள் மூன்று பேரும் புரோகிராமரும் உள்ளே போகிறோம்.

இந்தப் பதில்களை முதலாளியிடம் படித்துக் காட்டினேன். தேதி மாற்றும் யோசனையை அவர் கைவிட்டுவிட்டார். ஆனால் இப்போது வேறொன்று கேட்கிறார்: கம்பெனிகளுக்கு மட்டும்தானே இந்த விதி, கூட்டு நிறுவனமாக (பார்ட்னர்ஷிப்) மாறிவிட்டால் இந்தத் தொல்லை இருக்காதே என்கிறார். எங்கள் ஊரில் பலர் கூட்டு நிறுவனமாகவே நடத்துவதால், அவருக்கு அது எளிய வழியாகத் தெரிகிறது. மேலும், வாரம் ஒருமுறை பென்டிரைவ் நகல் போதுமா என்பதையும் பேரேடு ஐயா சொல்ல வேண்டும்.

பழைய பற்றேடு (ஓய்வுபெற்ற கணக்கு மேலாளர், ஈரோடு) எழுதியது:

தம்பிக்கு வணக்கம். சட்டப் பிரிவுகளைப் பேரேடு அவர்கள் சொல்வார். 'அட்மின்' என்ற ஒரே பெயரைப் பற்றி நான் சொல்ல வேண்டியது இருக்கிறது.

நான் கணக்கெழுதத் தொடங்கிய நாளில் மைதான் திருத்தப் பதிவு. தவறாக எழுதிய தொகையைச் சுரண்டக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது; ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியான தொகையை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். அடித்த எண்ணும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பதில் என் முதல் மேலாளர் மிகவும் கண்டிப்பாக இருந்தார். பேரேட்டில் தாள் கிழிந்திருந்தால் அது பெரிய குற்றம். கணினி வந்தபோது, அந்தக் கட்டுப்பாடுகள் எல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போயின. வவுச்சரைத் திறந்து எண்ணை மாற்றிச் சேமித்தால், முன்பு என்ன இருந்தது என்பதற்குச் சுவடே இல்லை. பல ஆண்டுகள் அப்படித்தான் நாங்கள் எல்லாரும் வேலை செய்தோம், அதை வசதி என்றும் நினைத்தோம்.

2009 ஜனவரி 7-இல் சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்குகளில் பொய் காட்டியதை ஒப்புக்கொண்ட தன் கடிதத்தை வெளியிட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பின்னர் நடந்த விசாரணைகளில் தெரியவந்தவற்றுள் என்னை உலுக்கியது தொகையின் அளவு அல்ல. அவர்களின் விலைப்பட்டியல் மென்பொருளில் 'சூப்பர் யூசர்' என்ற மேலான அனுமதியைக் கொண்டு 7,000-க்கும் மேற்பட்ட போலி விலைப்பட்டியல்கள் உள்ளே நுழைக்கப்பட்டு, வணிகப் பிரிவினரின் கண்ணில் படாதபடி மறைத்து வைக்கப்பட்டிருந்தன. விற்பனைக் கணக்கில் அவை சேர்ந்தன; அந்த வாடிக்கையாளரோடு பழகும் அலுவலருக்கு மட்டும் தெரியவில்லை. ஊர் உலகத்துக்கே மென்பொருள் எழுதிக் கொடுத்த நிறுவனத்தில், மேலான ஓர் அனுமதி யார் கையில் இருக்கிறது, அதைக் கொண்டு என்ன செய்யப்படுகிறது என்று கேட்டுத் தடுக்க ஆளில்லாமல் போயிற்று.

உங்கள் நிறுவனத்தில் மோசடி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. உங்கள் எழுத்தைப் படித்தாலே நீங்கள் எப்படிப்பட்டவர் என்று தெரிகிறது. ஆனால் நாளை ஒரு கூலிக் கணக்கில் தவறு வந்தால், அந்த நான்கு பேரில் குற்றமற்ற மூவரும் தங்களை நிரூபித்துக்கொள்ள வழியில்லாமல் நிற்பார்கள். எங்கள் பழைய அலுவலகத்தில் ஒரு முறை 40,000 ரூபாய் குறைந்தபோது, பொதுவான கடவுச்சொல்லால் கடைசி வரை யார் என்று தெரியாமலே போய், தன்மேல் ஐயப்பட்டதைத் தாங்க முடியாமல் ஒரு நல்ல எழுத்தர் வேலையை விட்டுப் போனார். தனித்தனிப் பெயர், தனித்தனிக் கடவுச்சொல் என்பது முதலில் உங்களுக்கான பாதுகாப்பு.

பேரேடு எழுதியது:

கூட்டு நிறுவனமாக மாறும் எண்ணத்துக்கு விடை: விதி 3(1) கம்பெனிகளுக்கு மட்டும்தான் என்பது உண்மை, கூட்டு நிறுவனங்களுக்கும் எல்எல்பிக்கும் (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்) அது பொருந்தாது. ஆனால் ஜிஎஸ்டி விதிகளில் 56(8) என்று ஒன்று 2017 முதலே இருக்கிறது. பதிவேட்டில் எதையும் அழிக்கவோ மேலெழுதவோ கூடாது. தவறான பதிவை ஒப்பமிட்டு அடித்துவிட்டுச் சரியானதை எழுத வேண்டும். மின்னணுப் பதிவேடு என்றால், திருத்திய, நீக்கிய ஒவ்வொரு பதிவுக்கும் லாக் வைத்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஈரோட்டுப் பெரியவர் சொன்ன சுருக்கொப்ப முறையேதான், சட்ட மொழியில். ஜிஎஸ்டி பதிவு பெற்ற எல்லாருக்கும் அது பொருந்தும், தனி உரிமையாளர் உட்பட. உங்கள் ஊரில் பலர் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை என்றால், அவர்களை இன்னும் யாரும் கேட்கவில்லை என்பதுதான் காரணம். மேலும், இன்று உருமாற்றம் செய்தாலும் 2024-25-இல் நீங்கள் கம்பெனிதான்; அந்த ஆண்டின் அறிக்கையில் ஒரு எழுத்தும் மாறாது. வரி, வங்கி, வாடிக்கையாளர் என வேறு காரணங்களுக்காகக் கூட்டு நிறுவனமே உங்களுக்குப் பொருத்தம் என்று முதலாளி கருதினால் அதைத் தனியாகப் பேசலாம்; எடிட் லாக்கிலிருந்து தப்புவதற்காக அதைச் செய்யாதீர்கள்.

வாரம் ஒரு நகல் போதாது. 2022 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பின், மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் காப்பு நகல் நாள்தோறும், இந்தியாவில் உள்ள ஒரு சர்வரில் எடுக்கப்பட வேண்டும். பென்டிரைவ் சர்வர் ஆகாது. தொழிற்சாலையில் இரண்டாவது கணினி ஒன்றை அதற்கென ஒதுக்கலாம். மேகக் கணிமை வழங்குநரிடம் வைத்தால் தரவு இந்தியாவில் உள்ள மையத்தில் இருப்பதை எழுத்தில் வாங்குங்கள், ஏனெனில் வழங்குநரின் பெயர், ஐபி முகவரி, இடம் ஆகியவற்றை ஆண்டுதோறும் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும். நாள்தோறும் நகல் எடுப்பதோடு, மாதம் ஒரு முறையாவது ஒரு நகலை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, வவுச்சர்களோடு எடிட் லாக்கும் திறக்கிறதா என்று பாருங்கள். நகல் இருக்கிறது என்று நம்பியிருந்து, தேவைப்பட்ட நாளில் அது திறக்காமல் போன அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

14 நகல்கள் கிடைத்தது உங்கள் நல்ல வழக்கத்தின் பலன். கிடைக்காத நான்கு வாரங்கள் எவை என்பதையும் மறைக்காமல் ஒரு தாளில் எழுதித் தணிக்கையாளரிடம் கொடுங்கள். நகல்களைத் திறந்து பார்ப்பதற்கு முன், அசல் பென்டிரைவ்களை உறையிலிட்டு, நகலின் நகலில் வேலை செய்யுங்கள். பழைய கணினி பற்றி நான் கேட்டதற்கு நீங்கள் விடை சொல்லவில்லையே?

திருப்பூர்க் கணக்கர் எழுதியது:

ஐயா, அதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. உங்கள் முதல் பதிலைப் படித்தவுடனே கீழே ஓடிப்போய்ப் பார்த்தேன். துணி இருப்பு அறையின் மூலையில், பழைய மானிட்டர்களோடு அந்தக் கணினியும் இருந்தது. பழைய மின்பொருள் வாங்குபவர் வரும் வியாழக்கிழமை எடுத்துப் போவதாக ஏற்பாடு. அதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கை முழுவதும் அழித்துவிடச் சொல்லி நானே போன வாரம் கடையில் சொல்லியிருந்தேன். உடனே நிறுத்திவிட்டேன். இன்று மதியம் அதை மேலே கொண்டுவந்து இயக்கினோம். மெதுவாகத்தான் திறந்தது, ஆனால் 2023-24 கோப்பு முழுமையாக இருக்கிறது, எடிட் லாக்கும் இருக்கிறது. இரண்டு தனித்தனி வட்டுகளில் நகல் எடுத்து, ஒன்றை முதலாளியின் பெட்டகத்தில் வைத்துவிட்டோம்.

புரோகிராமர் இன்று மாலை வந்தார். பைனரி லாக் 30 நாளுக்கு இருந்தது, நகலெடுத்துவிட்டோம். அதில் 61 நேரடித் திருத்தங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை சனிக்கிழமை மாலை நடந்தவை. ஒவ்வொன்றுக்கும் மேற்பார்வையாளரின் துண்டுச்சீட்டு இருக்கிறதா என்று நாளை முதல் பொருத்திப் பார்க்கப் போகிறோம். 'அட்மின்' பெயரை நீக்கிவிட்டு, நால்வருக்கும் தனிப் பெயர் கொடுத்தாயிற்று. தரவுக் காவலர் அவர்கள் சொன்ன திருத்தத் திரையை எழுத அவர் மூன்று வாரம் கேட்டிருக்கிறார். அதுவரை நேரடித் திருத்தம் எதுவும் என் கையெழுத்தில்லாமல் செய்யக் கூடாது என்று ஒரு குறிப்பேடு தொடங்கியிருக்கிறோம், மையால் எழுதும் குறிப்பேடு. இயக்குநர் குழுவின் விளக்கத்தை எழுதி முடித்ததும், பெயர்களை நீக்கிவிட்டு இங்கே இடுகிறேன். பேரேடு ஐயா ஒரு முறை பார்த்துச் சொல்ல வேண்டும்.